தொப்பி பேசிய கச்சேரிகள்

கச்சேரி கேட்டே தலை நரைத்தவர்களிடம், "நீங்கள் கேட்டதிலேயே எது உசத்தி?" என்று கேட்டுப் பாருங்கள். பாடியவர் பெயரைச் சொல்லுவார்கள், எடுத்துக்கொண்ட ராகத்தைச் சொல்லுவார்கள். அடுத்த மூச்சிலேயே, "அன்றைக்கு மிருதங்கம் யார் தெரியுமா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். ஒரு கச்சேரி கேட்ட இரவோடு போய்விடுமா, நாற்பது வருஷம் கழித்தும் பேசப்படுமா என்பதை முடிவு செய்வதில் அந்த மிருதங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

நெய்க்காரப்பட்டிக்காரர்களான நமக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. பழனி நமக்குப் பக்கத்து ஊர். சந்தைக்கும் சாமிக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அங்கேதான் போகிறோம். ஆனால் மிருதங்கக்காரர்கள் கூடும் இடத்தில் 'பழனி' என்று ஒற்றைச் சொல்லாகச் சொன்னால் அது பழனி சுப்பிரமணிய பிள்ளையைக் குறிக்கும். 1962ஆம் ஆண்டு மறைந்தவர். அறுபது ஆண்டுகள் கடந்த பிறகும் 'பழனி வாசிப்பு', 'பழனி கும்கி' என்று அவர் பெயரைச் சொல்லித்தான் இன்றைய பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிறது. நம் வட்டாரத்தின் பெயரை இப்படி ஒரு நாதத்தின் பெயராக்கியவர் வேறு யாரும் இல்லை.

இந்தத் திருவிழா மலருக்காக, நினைவில் நிற்கும் கச்சேரிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, அவற்றை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துவதில் பயனில்லை என்று தோன்றியது. அவை ஏன் நினைவில் நிற்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு மிருதங்கத்தின் பாணிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல கச்சேரி ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பாணியின் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கைக் காப்பாற்றுவதில் வித்வானுக்கு இருக்கும் பொறுப்பு, எதிரே உட்கார்ந்து கேட்கிறவருக்கும் இருக்கிறது.

புதுக்கோட்டை

பழனி வாசிப்பின் வேர் புதுக்கோட்டையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே மான்பூண்டியா பிள்ளை என்று ஒரு மேதை இருந்தார். தொடக்கத்தில் விளக்குப் பிடிக்கும் வேலை பார்த்தவர் என்று சொல்லுவார்கள். மாரியப்பத் தவில்காரரிடம் லயம் கற்றார். பஜனைகளிலும் கிராமத்துப் பாட்டிலும் புழங்கிவந்த கஞ்சிராவைச் செப்பனிட்டு, கச்சேரி மேடையில் வித்வான்களுக்கு நடுவே உட்காரவைத்தவர் அவர்தான். ஒரு கையளவு வட்டச் சட்டம், ஒரு பக்கம் உடும்புத் தோல், சட்டத்தில் ஓரிரு சலங்கைக் காசுகள், இவ்வளவுதான் கருவி. வாசிக்கும் முன் தோலின் உட்பக்கம் தண்ணீர் தடவித் தளர்த்திக்கொள்வார்கள். இந்தச் சின்னக் கருவியில் அவர் வாசித்த கணக்குகளுக்கு அன்றைய பெரிய பாடகர்களே ஈடுகொடுக்கத் திணறியிருக்கிறார்கள்.

தவில்காரரிடம் கற்ற காரணத்தால் புதுக்கோட்டைப் பாணியின் உள்ளே தவிலின் ரத்தம் ஓடுகிறது. சொற்கட்டில் வேகமும் அழுத்தமும் இருக்கும். கணக்கில் துணிச்சல் இருக்கும். தாளத்தை நேர்வழியில் நிரப்பிக்கொண்டு போவதோடு நில்லாமல், அதைக் குறுக்கே வெட்டி, விட்டு, மறுபடி வந்து பிடிக்கும் சாமர்த்தியம் இருக்கும். மான்பூண்டியா பிள்ளையின் சீடர்களில் இரண்டு பேர் நமக்கு முக்கியம். ஒருவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் சிகரம் தொட்டவர். பாலக்காடு மணி ஐயர் தெய்வமாக மதித்தவர். இன்னொருவர் பழனி முத்தையா பிள்ளை. தவிலும் மிருதங்கமும் கைவந்தவர். அவருடைய மகன்தான் சுப்பிரமணிய பிள்ளை.

தஞ்சாவூர்

புதுக்கோட்டைக்கு எதிர்க்கரையில் தஞ்சாவூர். மராத்திய மன்னர்களின் அரண்மனையும், பஜனை மடங்களும், ஹரிகதை மேடைகளும் வளர்த்த வாசிப்பு அது. நாராயணசாமி அப்பா, தாஸ் சுவாமிகள் போன்றவர்கள் பாட்டோடு ஒட்டி வாசிக்கும் ஒரு மரபை அங்கே உருவாக்கினார்கள். அந்த மரபு தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் வந்து ஒரு முழுமையான பாடமுறையாக நிலைபெற்றது. அவரிடமிருந்து பாலக்காடு மணி ஐயரும் (1912–1981) டி.கே. மூர்த்தியும் வந்தார்கள்.

மணி ஐயர் செய்தது ஒரு புரட்சி. அதற்கு முன் மிருதங்கம் பெரும்பாலும் பாட்டுக்குத் தாளம் காட்டியது. இவர் கைக்கு வந்த பிறகு மிருதங்கமே பாட்டை வாசித்தது. கீர்த்தனையின் சங்கதி எங்கே ஏறுகிறதோ அங்கே கையும் ஏறும். சாகித்தியத்தில் சொல் நிற்கும் இடத்தில் நாதமும் நிற்கும். பாடகர் அடுத்து எங்கே போவார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததாகக் கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். 1966ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. மிருதங்கக்காரர் ஒருவர் அந்தப் பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. அதே 1966இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது பக்கத்தில் மிருதங்கத்தோடு உட்கார்ந்திருந்தவர் டி.கே. மூர்த்தி. ஒரே குருவின் இரண்டு சீடர்கள், ஒரே ஆண்டில் இந்த வாத்தியத்தின் மதிப்பை இரண்டு திசைகளில் உயர்த்திவிட்டார்கள்.

பழனி

இனி நம்மவர். சுப்பிரமணிய பிள்ளைக்கு இடக்கைப் பழக்கம். மிருதங்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. சாதாரணமாக வலக்கையால் வலந்தலை என்ற முகத்தையும் இடக்கையால் தொப்பி என்ற மறுமுகத்தையும் வாசிப்பார்கள். பாடகரின் வலப்பக்கம் உட்கார்ந்தால் கரணை என்ற கரும்பூச்சு வைத்த வலந்தலை சபையைப் பார்த்திருக்கும். இடக்கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் வலந்தலை மேடையின் பின்சுவரைப் பார்த்துவிடும். அதனால் அவர் பாடகரின் இடப்பக்கம் உட்கார வேண்டும். வயலின்காரர் தம் வழக்கமான இடத்தை விட்டுக்கொடுத்து எதிர்ப்பக்கம் போக வேண்டும். அப்படிப் போனால் வயலின் நாதம் சபைக்குச் சரியாக வராது என்பது வயலின்காரர்கள் வாதம். ஒலிபெருக்கி பரவலாக இல்லாத காலத்தில் அந்த வாதத்தில் நியாயமும் இருந்தது. இதைச் சொல்லியே இளம் சுப்பிரமணியத்துக்கு மேடைகள் மறுக்கப்பட்டன. தகப்பனாருக்கே இந்த இடக்கை வாசிப்பில் மனம் ஒப்பவில்லை என்றும், மகன் தனக்குத்தானே சாதகம் செய்து தேறிவந்தார் என்றும் சொல்லுவார்கள்.

அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் செம்பை வைத்தியநாத பாகவதர். யார் முணுமுணுத்தாலும் சரி, இந்தப் பிள்ளை என் கச்சேரியில் வாசிப்பான் என்று நின்றார். பாகவதரின் சாரீரம் கணீரென்று இருக்கும். தாளக்கட்டு மலைபோல் அசையாது. அந்தக் குரலோடு பழனியின் வாசிப்பு பொருந்தியது. பிறகு ஆலத்தூர் சகோதரர்கள், ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர் என்று அந்தப் பொற்காலத்தின் பெரிய மேடைகள் எல்லாம் அவரை விரும்பி அழைத்தன.

அப்படி அவர் வாசிப்பில் என்ன இருந்தது? முதலில், தொப்பி. ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புவார்கள். அதன் அளவைப் பொறுத்து அடிநாதம் கனக்கும். பெரும்பாலோர் தொப்பியை வலந்தலைக்குத் துணையாக வைத்துக்கொண்டார்கள். பழனி அதைப் பேசவைத்தார். மணிக்கட்டின் அடிப்பகுதியைத் தோலில் அழுத்தி நகர்த்தி எடுக்கும் அந்தக் கும்கி, தாழ்ந்து உருண்டு எழுந்து அடங்கும். ஒலிப்பதிவில் கேட்டாலே வயிற்றுக்குள் இறங்குகிறது. நேரில் கேட்டவர்கள் வாழ்நாள் முழுவதும் அதைப் பற்றிப் பேசியதில் வியப்பில்லை.

இரண்டாவது, சர்வலகு. கணக்கு என்பது புதுக்கோட்டைச் சொத்து. ஆனால் கணக்கை மட்டும் அடுக்கினால் கேட்பவனுக்கு விரல் மடக்கவே நேரம் சரியாக இருக்கும். பழனி கணக்கைச் சர்வலகுவுக்குள் கரைத்தார். தாளத்தின் ஓட்டம் இயல்பாகப் போய்க்கொண்டே இருக்கும். அதன் உள்ளே சிக்கலான கணக்கு ஒன்று நடந்து முடிந்திருக்கும். முடிந்த பிறகுதான், 'இங்கே என்னவோ நடந்ததே' என்று சபை நிமிர்ந்து உட்காரும். மூன்றாவது, அடக்கம். பாட்டு நடக்கும்போது தன் வித்தையைக் காட்ட அவர் அவசரப்படவில்லை. பக்கவாத்தியம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவர்.

பாலக்காட்டாரையும் பழனியாரையும் எதிரெதிர் கட்சிகளாக்கி ரசிகர்கள் வாதாடியது உண்டு. அவர்களோ ஒருவரை ஒருவர் மதித்தார்கள். மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, பழனி கஞ்சிராவோடு பக்கத்தில் உட்கார்ந்த கச்சேரிகளும் இருந்தன. உச்சியில் இருக்கும் ஒரு மிருதங்க வித்வான் இன்னொருவரின் மிருதங்கத்துக்கு உபபக்கவாத்தியம் வாசிக்க முன்வருவது எவ்வளவு பெரிய மனம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த மேடைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் பிந்திப் பிறந்துவிட்டோமே என்று எனக்கு ஏக்கம் வரும். பழனியின் வாழ்க்கையை 'துருவ நட்சத்திரம்' என்ற பெயரில் லலிதாராம் அழகாக எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பள்ளிக்கூட நூலகங்களில் கட்டாயம் இருக்க வேண்டிய புத்தகம் அது.

அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். டொராண்டோவில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் 'தகதிமி' சொல்லக் கற்றது பழனி வாசிப்பின் வழியேதான். 2011இல் சங்கரனுக்கும் சங்கீத கலாநிதி கிடைத்தது. இடக்கை என்று ஒதுக்கப்பட்ட ஒரு வாசிப்பு கடல் கடந்து போய்ப் பல்கலைக்கழகப் பாடமாகிவிட்டது.

ராமநாதபுரமும் கும்பகோணமும்

பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை என்று இரண்டு பெயர்களைச் சொன்னால் மூன்றாவதாக ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதியைச் சொல்லாமல் விடமாட்டார்கள். மூவரையும் மிருதங்க மும்மூர்த்திகள் என்பது வழக்கம். முருகபூபதியின் தகப்பனார் சித்சபை சேர்வையும் மிருதங்கக்காரர். அண்ணன் சி.எஸ். சங்கரசிவமோ மதுரை டி.என். சேஷகோபாலன் போன்றோரை உருவாக்கிய பெரிய ஆசான். பாட்டு நிறைந்த வீட்டில் வளர்ந்ததால் முருகபூபதியின் கையில் நாதச் சுத்தம் இயல்பாக அமைந்தது. அவருடைய அரைச்சாப்பு ஒவ்வொன்றும் தனித்தனியே துலக்கி வைத்த மாதிரி விழும். மேலே ஏறிக் கூச்சலிடாத, இனிமையான வாசிப்பு.

இவர்கள் எல்லாருக்கும் முந்தைய தலைமுறையில் கும்பகோணம் அழகநம்பியா பிள்ளை இருந்தார். அவர் மிருதங்கமும் தட்சிணாமூர்த்தி பிள்ளையின் கஞ்சிராவும் சேர்ந்த மேடைகளைப் பற்றி எழுதாத பழைய ரசிகர் இல்லை. பின்னால் வந்த உமையாள்புரம் சிவராமன், ஆறுபாதி நடேச ஐயர், கும்பகோணம் ரங்கு ஐயங்கார், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர், பாலக்காடு மணி ஐயர் என்று நான்கு பேரிடம் கற்றவர். பாணிகள் சுவர் எழுப்பிக்கொண்டு நிற்கவில்லை என்பதற்கு அவரே சாட்சி. ஒன்றிலிருந்து ஒன்று கொடுத்து வாங்கித்தான் எல்லாப் பாணியும் வளர்ந்தன.

நம் காதைப் பழக்கியது

நம் பக்கத்துக் காதுகள் முதலில் பழகியது மிருதங்கத்துக்கு அல்ல. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பாதயாத்திரை வரும் கூட்டத்தின் உறுமியும் பம்பையும் தவிலும்தான் நமக்கு முதல் லய பாடம். பங்குனியில் கொடுமுடியிலிருந்து தீர்த்தக் காவடி எடுத்து வருகிறவர்களின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு, நடை என்றால் என்ன என்று தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் காலுக்கே தெரியும்.

அடுத்த பாடம் நாகஸ்வரத்தோடு வரும் தவில். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நாச்சியார்கோயில் ராகவ பிள்ளை, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி, வலையப்பட்டி சுப்பிரமணியம், ஹரித்துவாரமங்கலம் பழனிவேல் என்று அந்த வரிசை நீளமானது. இவர்களில் யாழ்ப்பாணத்தார் 1933இல் பிறந்து 1975இலேயே போய்விட்டார். நாற்பத்திரண்டு வயதுக்குள் ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் தவில் என்ற சொல்லுக்கே உயரம் கூட்டிவிட்டுப் போனார். வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கழி பிடித்து வாசிக்கும் இந்தக் கருவிதான் புதுக்கோட்டைப் பாணிக்கு மூலம் என்று மேலே சொன்னேன். ஆகவே சுவாமி புறப்பாட்டில் தவிலைக் கூர்ந்து கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரருக்குப் பழனி வாசிப்பு புதிதாக இராது. அது நமக்கு உறவுமுறை. பழனித் தேவஸ்தானம் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பயிற்சிப் பள்ளி நடத்துவது இந்த உறவு அறுந்துபோகாமல் இருக்க ஒரு நல்ல ஏற்பாடு. நம் பிள்ளைகள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

எதை வைத்து அளப்பது?

இத்தனை பாணிகள் இருந்தாலும் நல்ல வாசிப்புக்கான அளவுகோல்கள் பொதுவானவை. பெரியவர்களிடம் கேட்டும், பல வருஷம் கேட்டுப் பழகியும் நான் புரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதல் அளவுகோல் சுருதி. வலந்தலையின் மீட்டு தம்பூராவோடு கலந்து மறைய வேண்டும். மேடையில் வந்து உட்கார்ந்ததும் கல்லும் புள்ளுமாகச் சுற்றிச் சுற்றித் தட்டி, ஒவ்வொரு கண்ணிலும் நாதம் ஒன்றாகும்வரை விடாமல் சேர்க்கிறாரே, அந்த மிருதங்கக்காரரை நம்பலாம். பாட்டுக்கு நடுவில் சுருதி இறங்கினால் அடுத்த உருப்படிக்குள் அதைச் சரி செய்கிறாரா என்றும் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, பாட்டறிவு. பல்லவியில் ஒரு விதம், அனுபல்லவியில் ஒரு விதம், சரணத்தில் ஒரு விதம் வாசிக்க வேண்டும். சரணம் தாழ்ந்த ஸ்தாயியில் தொடங்கும்போது கை தானாக இளக வேண்டும். பாடகர் வார்த்தையை உச்சரிக்கும் இடத்தில் தடதடவென்று விழுந்து அந்த வார்த்தையை மூடுகிற கை, எவ்வளவு வேகமான கையாக இருந்தாலும் நல்ல கை ஆகாது.

மூன்றாவது, விடத் தெரிவது. மணி ஐயரைப் பற்றியும் பழனியாரைப் பற்றியும் கேட்டவர்கள் சொன்னவற்றில் பாதி, அவர்கள் வாசிக்காமல் விட்ட இடங்களைப் பற்றியது. ஒரு ஆவர்த்தனம் பேசாமல் இருந்துவிட்டு, பாடகர் பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் ஒரே ஒரு தீங்காரம் கொடுத்தால் சபை முழுவதும் 'ஆகா' என்னும்.

நான்காவது, கணக்கின் நேர்மை. கணக்கு என்றதும் பலர் பயப்படுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆதி தாளத்தில் எட்டு அட்சரம். அட்சரத்துக்கு நான்கு மாத்திரை என்று வைத்தால் ஒரு ஆவர்த்தனம் 32 மாத்திரை. எட்டு மாத்திரைச் சொல் ஒன்றை மூன்று முறை வாசித்து, நடுவில் வரும் இரண்டு இடைவெளிக்கும் நான்கு நான்கு மாத்திரை விட்டால் 24ம் 8ம் சேர்ந்து 32. தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து சரியாக விழும். பாட்டின் எடுப்பு சமத்திலிருந்து அரை அட்சரம் தள்ளி இருந்தால் 34 மாத்திரை வேண்டும். இடைவெளியை ஐந்து ஐந்தாக்கினால் 24ம் 10ம் சேர்ந்து 34 ஆகிவிடும். ஒரே ஒரு மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பது என்பதில்தான் அழகு. இவ்வளவு தெரிந்துகொண்டு கையில் தாளம் போட்டபடி கேட்டுப் பாருங்கள். இப்படிக் கணக்காக முடியும் கோர்வை வந்து விழும் அந்த நொடியில் உங்கள் தொடையில் விழும் தட்டும் வித்வானின் 'தோம்' என்ற சொல்லும் ஒன்றாகும். அந்த இன்பம் விலை கொடுத்து வாங்க முடியாதது.

ஐந்தாவது, தனி ஆவர்த்தனத்தில் பெருந்தன்மை. மிருதங்கமும் கஞ்சிராவும், அல்லது மிருதங்கமும் கடமும், மாறி மாறி வாசிக்கும்போது குறைப்பு என்று ஒன்று வரும். ஆளுக்கு ஒரு ஆவர்த்தனம், பிறகு அரை, பிறகு கால் என்று குறுகிக்கொண்டே போய்க் கடைசியில் இருவரும் சேர்ந்து முடிப்புகளான மோராவுக்கும் கோர்வைக்கும் போவார்கள். சின்னவர் வாசித்த சொல்லைப் பெரியவர் எடுத்து, அதையே கொஞ்சம் அழகுபடுத்தித் திருப்பிக் கொடுத்தால் அது நல்ல தனி. சின்னவரைத் திணறடிப்பதற்கென்றே எட்டாத சொல்லை வீசினால் கைதட்டல் கிடைக்கும், சங்கீதம் இருக்காது.

நேரில் கேட்டவை

இந்த அளவுகோல்களோடு என் நினைவுகளைத் திரும்பிப் பார்க்கிறேன். உமையாள்புரம் சிவராமன் வாசிக்கக் கேட்டபோது, பக்கவாத்தியம் வாசிக்கிறவர் பாடகரின் முகத்தை எவ்வளவு கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது புரிந்தது. அவர் கண் பாடகரை விட்டு நகரவே இல்லை. காரைக்குடி மணி வாசிக்கக் கேட்டபோது, தெளிவு என்பது எப்படி ஒரு உணர்ச்சியாகவே மாற முடியும் என்று தெரிந்தது. எந்த வேகத்திலும் ஒரு சொல்லும் இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொள்ளவில்லை. 2023இல் அவர் மறைந்த செய்தி வந்த நாளில் எனக்குச் சொந்தத்தில் ஒருவர் போனது போலவே இருந்தது.

பங்குனி உத்திரத்தில் பழனி வீதியில் கேட்ட, சுவாமி புறப்பாட்டுக்கான ஒரு மல்லாரி இன்னொன்று. கம்பீர நாட்டையில் நாகஸ்வரம் எழும்ப, இரண்டு தவில்களும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு வாசித்தன. சுற்றிலும் காவடிக்கூட்டத்தின் கொட்டு. அதற்கு மேலே போட்டி போட்டு முழக்காமல், அந்தக் கொட்டின் நடையையே எடுத்துத் தங்கள் தாளத்துக்குள் பொருத்திக்கொண்டார்கள். வீதியில் ஆடியவர்களும் வாசித்தவர்களும் சற்று நேரம் ஒரே தாளத்தில் இருந்தார்கள். வித்வான்கள் யாரும் பெரிய பெயர் பெற்றவர்கள் இல்லை.

ஆனால் என் மனதில் முதலிடத்தில் இருப்பது நம் பக்கத்துக் கோயில் திருவிழாவில் நடந்த ஒரு சின்னக் கச்சேரி. பாடியவர் வயது முதிர்ந்தவர். மேல் ஸ்தாயியில் குரல் அன்றைக்கு நிற்கவில்லை. மிருதங்கம் வாசித்தவர் இருபது வயதைத் தாண்டாத பிள்ளை. பெரியவரின் குரல் தளரத் தளர அவன் வலந்தலையைக் குறைத்துக்கொண்டே வந்தான். தொப்பியின் அடிநாதத்தை மட்டும் மெல்லக் கொடுத்து, குரலுக்குக் கீழே ஒரு தரை போட்டான். பெரியவருக்கு அது புரிந்துவிட்டது. அவசரத்தை விட்டுவிட்டு விளம்ப காலத்துக்கு இறங்கி, தாழ்ந்த ஸ்தாயியில் நின்று நிதானமாகப் பாடினார். அன்று அவர் பாடிய தோடிக்கு ஈடாக அதற்கு முன்போ பின்போ நான் கேட்டதில்லை. தனி ஆவர்த்தனத்தில் அந்தப் பிள்ளை வாசித்தது சுமார்தான், கணக்கும் எளியதுதான். இருந்தும் அதை உசத்தி என்று நான் சொல்வதற்குக் காரணம், பக்கவாத்தியம் என்ற தர்மத்தை அவன் அன்றைக்கு முழுமையாகச் செய்துகாட்டினான். அந்தத் தர்மம் அவன் கைக்குப் பாணி வழியாக வந்தது. யாரோ ஒரு குரு, 'பாட்டைக் கேள், பிறகு வாசி' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு அவர் குரு சொல்லியிருக்கிறார்.

மரமும் தோலும் மைக்கும்

நாதத்தைப் பேசும்போது அதைச் செய்து கொடுத்தவர்களைப் பேசாமல் விடக்கூடாது. பலாக்கட்டையைக் குடைந்து, ஆடு, மாடு, எருமைத் தோல்களைப் பதம் பார்த்து, வார் இழுத்து, சோறும் கல்பொடியும் கலந்து தேய்த்துத் தேய்த்துக் கரணை வைப்பது சாதாரண வேலை இல்லை. தஞ்சாவூர் செபஸ்டியன் குடும்பத்தில் வந்த பர்லாந்து இல்லாமல் மணி ஐயரின் நாதம் இல்லை. தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்த குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமே எழுதினார். மேடையில் வித்வானுக்கு விழும் மாலையில் இவர்களுக்கும் பங்கு உண்டு என்று நாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

ஒலிபெருக்கி வந்த பிறகு அதிகம் பாதிக்கப்பட்டது தொப்பிதான். மணி ஐயர் மைக் இல்லாத கச்சேரிகளுக்காக ஒரு காலத்தில் பிடிவாதமாகப் போராடினார். அவர் பயந்தது நம் திருவிழாக்களில் நடந்துகொண்டிருக்கிறது. வலந்தலை மைக் காதைக் கிழிக்கும். தொப்பி மைக் ஒன்று இருக்காது, இருந்தால் 'தொம் தொம்' என்று இரையும். எக்கோ வேறு சேர்ந்துகொள்ளும். இந்தச் சத்தத்துக்கு நடுவே பழனியாரே வந்து கும்கி வாசித்தாலும் நமக்குக் கேட்காது. ஒரு பாணியை அழிக்க யாரும் பகைவர் வேண்டியதில்லை. ஒழுங்கில்லாத ஒரு மைக் செட் போதும்.

நம் பங்கு

பாணி என்பது குருவிடமிருந்து சீடனுக்குப் போவது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேட்கிறவர்கள் வழியாகவும் அது போகிறது. சபை எதற்குத் தலையாட்டுகிறதோ அதைத்தான் மேடை திரும்பத் திரும்பக் கொடுக்கும். வேகத்துக்கும் சத்தத்துக்கும் மட்டும் கைதட்டினால் நாளைக்கு வரும் பிள்ளைகள் வேகத்தையும் சத்தத்தையும் மட்டும் சாதகம் செய்வார்கள். அடக்கத்துக்கும் நாதத்துக்கும் 'சபாஷ்' சொன்னால் அதைத் தேடிப் போவார்கள். செம்பை பாகவதர் ஒருவர் நின்றதால் ஒரு இடக்கை பிழைத்தது. அவருக்குத் துணையாக அந்த வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்த ஆயிரம் ரசிகர்களும் நின்றார்கள்.

ஆகவே, இந்த மலர் வெளிவரும் வேளையில் விழாக் குழுவினருக்கும் ஊர்க்காரர்களுக்கும் சில வேண்டுகோள்கள். தனி ஆவர்த்தனத்துக்குக் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்; நேரமாகிவிட்டது என்று சீட்டு அனுப்பாதீர்கள். அந்த நேரத்தில் சுண்டல் வாங்க எழுந்து போகாதீர்கள். பக்கவாத்தியக்காரரின் பெயரைப் பாடகர் பெயருக்குச் சமமான எழுத்தில் நோட்டீசில் போடுங்கள். சம்பாவனையிலும் அந்த மரியாதை தெரியட்டும். மைக் செட்டுக்காரரை மத்தியானமே வரச் சொல்லி, எக்கோவை எடுத்துவிட்டு, தொப்பிக்குத் தனியே ஒரு மைக் வைத்து, வித்வானைத் தட்டிக் காட்டச் சொல்லிச் சரிபாருங்கள். முன்வரிசையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அவர்கள் கையைப் பிடித்து ஆதி தாளம் போடப் பழக்குங்கள். அவர்களில் யாராவது இடக்கையால் தாளம் போட்டால் கையை மாற்றச் சொல்லாதீர்கள்.

பழனி என்ற பெயர் உலகம் முழுவதும் மிருதங்கக்காரர்கள் வாயில் மரியாதையோடு புழங்குகிறது. அந்தப் பெயரின் நிழலில் இருக்கும் ஊர்க்காரர்களாகிய நாம், நல்ல வாசிப்பைக் கேட்ட மாத்திரத்தில் அடையாளம் காணத் தெரிந்தவர்கள் என்ற பெயரையாவது சம்பாதிக்க வேண்டும். நெய்க்காரப்பட்டியில் வாசிப்பதென்றால் சுருதி சேர்த்துக்கொண்டு, பாட்டைக் கேட்டு வாசிக்க வேண்டும், அங்கே கேட்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று வித்வான்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரிய சபாவும் வேண்டாம், குளிர்சாதன அரங்கமும் வேண்டாம். தாளம் போடத் தெரிந்த ஐம்பது கைகள் போதும். அவற்றை இந்த வருஷத் திருவிழாவிலேயே நாம் தயார் செய்துவிடலாம்.